ரஞ்சித் சிங்கின் பாரிசவாதமும் ஹோமியோபதியின் வருகையும்

இந்திய உபகண்டத்தில் ஹோமியோபதி மருத்துவம் வேரூன்றிய வரலாற்றை எழுதுபவர்கள் அநேகமாக அனைவரும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1839 ஆம் ஆண்டு, லாஹூர் அரண்மனை. நோயாளி பஞ்சாபின் சிங்கம் என்று அழைக்கப்பட்ட மகாராஜா ரஞ்சித் சிங். வைத்தியர் ஐரோப்பாவின் திரான்சில்வேனியாப் பிரதேசத்தைச் சேர்ந்த ஜோன் மார்ட்டின் ஹோனிக்பேர்கர். நோய் பாரிசவாதம். அதாவது, இப்பிராந்தியத்தில் அந்த மருத்துவத்துக்குக் கதவைத் திறந்துவிட்ட நோயே தமிழ்நாட்டில் பக்கவாதம் என்றும் எம்மவர் மத்தியில் பாரிசவாதம் என்றும் சொல்லப்படுகின்ற, இன்று எல்லோரும் 'ஸ்ட்ரோக்' என்று கூறுகின்ற நோய்தான்.

பாரிசவாதத்துக்கு ஹோமியோபதியில் மருந்து இருக்கிறதா, நோய் தாக்கிய உடனே வீட்டில் எதையாவது கொடுக்கலாமா என்ற கேள்வி இன்றும் எமது குடும்பங்களில் கேட்கப்படுகின்றது. யாழ்ப்பாணத்தில் இருப்பவர் ரொறன்ரோவில் இருக்கும் பிள்ளையிடம் கேட்கிறார். இலண்டனில் இருப்பவர் கொழும்பில் இருக்கும் உறவினரிடம் கேட்கிறார். இக்கேள்விக்கு விடை காண்பதற்கு லாஹூர் அரண்மனையில் உண்மையில் என்ன நடந்தது என்பதை அறிந்துகொள்வது பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

ரஞ்சித் சிங் 1780 ஆம் ஆண்டு பிறந்தவர். சிறுவயதில் கண்ட அம்மை நோய் அவரது இடது கண்ணின் பார்வையைப் பறித்தது. 1799 இல் லாஹூரைக் கைப்பற்றி, 1801 இல் மகாராஜாவாக முடிசூட்டிக்கொண்ட அவர், அடுத்த நான்கு தசாப்தங்களில் சிதறிக்கிடந்த சீக்கிய அணிகளை ஒரே இராச்சியமாக்கினார். கிழக்கிந்தியக் கம்பனியுடன் 1809 இல் அமிர்தசரஸ் உடன்படிக்கையைச் செய்துகொண்டு, சட்லெஜ் நதிக்கு அப்பால் ஆங்கிலேயரைத் தடுத்து நிறுத்திய மன்னர் அவர். ஆனால், கடுமையான மதுப்பழக்கம் அவரிடம் இருந்தது. அவர் அருந்திய மது எவ்வளவு உக்கிரமானது என்பதை அரண்மனைக்கு வந்துபோன ஐரோப்பியர்கள் பலர் வியப்புடன் எழுதிவைத்திருக்கிறார்கள்.

1830 களின் நடுப்பகுதியில் முதலாவது பாரிசவாதத் தாக்கம் வந்தது. அவருக்குச் சிகிச்சையளிக்க மக்கிரகோர் என்ற வைத்தியரைப் பிரிட்டிஷார் அனுப்பிவைத்தனர். அந்நாளில் ஐரோப்பாவில் நாகரிகமாகியிருந்த மின்சாரச் சிகிச்சையை அவர் மகாராஜாவுக்குச் செய்தார். நோய் ஓரளவு தணிந்தது. ஆனால், மதுப்பழக்கம் தணியவில்லை.

1838 நவம்பர் இறுதியில் மகாதேசாதிபதி ஒக்லன்ட் பிரபு பெரோஸ்பூரில் ரஞ்சித் சிங்கைச் சந்தித்தார். ஆப்கானிஸ்தான் மீது படையெடுப்பதற்குக் கம்பனி ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளை அது. அதற்கான முத்தரப்பு உடன்படிக்கை அதே வருடம் ஜூனில் செய்யப்பட்டிருந்தது. விருந்துகளும் அணிவகுப்புகளும் நாள்கணக்கில் நீண்டன. அந்தக் கொண்டாட்டங்களின் முடிவில், டிசெம்பரில், மகாராஜாவைப் பாரிசவாதம் மீண்டும் தாக்கியது. இம்முறை அவரது பேச்சும் பாதிக்கப்பட்டது. வாய் அசைந்தது; சொல் வரவில்லை.

இந்த நோய் ஒரு மனிதரின் அந்தரங்கத் துயரத்துடன் நின்றுவிடவில்லை. ஓர் இராச்சியத்தின் கட்டளைகள் அனைத்தும் அந்த வாயிலிருந்துதான் பிறந்தன. வெளிவிவகார அமைச்சராக இருந்த பக்கீர் அசீசுதீன் மகாராஜாவின் சைகைகளையும் உதட்டசைவையும் பார்த்து அவரது எண்ணத்தைச் சபைக்கு எடுத்துரைத்தார். அசீசுதீன் அடிப்படையில் ஒரு ஹக்கீம், அதாவது யுனானி வைத்தியர். மகாராஜாவின் கண்நோய்க்கு வைத்தியம் செய்ய வந்த இளைஞராகத்தான் அவர் அரண்மனைக்குள் முதன்முதலில் கால்பதித்தார். அரசியலும் வைத்தியமும் அந்தக் கட்டிலைச் சூழ்ந்து ஒன்றாகவே நின்றன. ஹக்கீம்களும் வைத்தியர்களும் சோதிடர்களும் ஆங்கிலேய டாக்டர்களும் தத்தமது மருந்துடன் காத்திருந்தனர்.

அவர்கள் எவரிடமும் உண்மையில் மருந்து இருக்கவில்லை என்பதை இன்று எம்மால் கூறமுடியும். பாரிசவாதத்தில் கை கால் விழுந்துபோவதற்குக் காரணம் மூளையில் இருக்கிறது என்ற உண்மையை 1658 ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தின் சாஃப்ஹவுசன் நகர வைத்தியர் யோஹான் யாக்கோப் வெப்ஃபர் நிரூபித்திருந்தார். திடீரென விழுந்து இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்து, மூளைக்குள் இரத்தம் கசிந்திருப்பதை அவர் கண்டார். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய்கள் அடைபடுவதையும் சுட்டிக்காட்டினார். ஆனால், காரணத்தை அறிந்ததால் சிகிச்சை மாறிவிடவில்லை. அடுத்த இருநூறு ஆண்டுகளாக ஐரோப்பிய வைத்தியர்கள் செய்தது, பழைய கிரேக்க காலத்திலிருந்து வந்த முறைப்படி நோயாளியின் இரத்தத்தை வெளியேற்றியதுதான்.

1685 பெப்ரவரியில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்ள்ஸ் திடீரென நோய்வாய்ப்பட்டபோது அதனைப் பாரிசவாதம் என்றே அவரது வைத்தியர்கள் கருதினர். நாளத்தை வெட்டி இரத்தம் எடுத்தார்கள். தலையை மழித்துக் கொப்புளம் உண்டாக்கும் மருந்துகளைப் பூசினார்கள். வாந்திக்கும் பேதிக்கும் கொடுத்தார்கள். நான்கு நாட்களில் மன்னர் இறந்தார். அவருக்கு வந்தது உண்மையில் சிறுநீரக நோயாக இருந்திருக்கலாம் என்று பிற்கால வைத்தியர்கள் கருதுகின்றனர். எந்த நோயாக இருந்தாலும் அந்தச் சிகிச்சை அவருக்கு உதவவில்லை என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. நோய்க்கிருமிகள் பற்றிய ஆராய்ச்சியினால் உலகப் புகழ்பெற்ற லூயி பாஸ்டரை 1868 ஒக்டோபரில், தனது 45 ஆவது வயதில், பாரிசவாதம் தாக்கியபோதுகூட அவருக்கு அட்டைகள் விடப்பட்டன.

இந்தப் பின்னணியில்தான் ஹோமியோபதியைப் புரிந்துகொள்ளவேண்டும். அதன் தந்தையான ஜேர்மனிய வைத்தியர் சாமுவேல் ஹானிமன் தனது காலத்து வைத்தியமுறைகளின் கொடூரத்தைக் கண்டு மனம் வெறுத்தவர். 1792 இல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் லியோபோல்ட் திரும்பத் திரும்ப இரத்தம் எடுக்கப்பட்ட பின்னர் இறந்தபோது, அரண்மனை வைத்தியர்களைப் பகிரங்கமாகக் கண்டித்து எழுதிய துணிச்சல் அவருக்கு இருந்தது. சுகதேகியான ஒருவரிடம் எந்தப் பொருள் ஒரு நோயின் குறிகளை உண்டாக்குகிறதோ, அதே பொருளை மிகச் சிறிய அளவில் கொடுத்தால் அந்த நோய் குணமாகும் என்பது அவரது கோட்பாடு. 1790 இல் சிங்கோனாப் பட்டையைத் தானே உட்கொண்டு செய்த பரிசோதனையிலிருந்து அவரது சிந்தனை வளர்ந்தது. 1796 இல் அதைக் கட்டுரையாகவும் 1810 இல் 'ஓர்கனோன்' என்ற நூலாகவும் வெளியிட்டார்.

ஹோனிக்பேர்கர் ஒரு விசித்திரமான மனிதர். இன்று ருமேனியாவில் இருக்கும் பிரஷோவ் நகரில் பிறந்து, மருந்தாளராகத் தொழில் கற்று, மேற்காசிய நாடுகளினூடாகப் பயணம் செய்து 1829 இல் லாஹூர் வந்துசேர்ந்தார். ரஞ்சித் சிங் அவரை வைத்தியராக மாத்திரமன்றி, வெடிமருந்துத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளராகவும் பயன்படுத்திக்கொண்டார். சில வருடங்களில் ஐரோப்பாவுக்குத் திரும்பிய அவர், 1835 இல் பாரிஸ் நகரில் முதுமையடைந்திருந்த ஹானிமனைச் சந்தித்தார். பின்னர் ஹோமியோபதி மருந்துகளுடன் மீண்டும் லாஹூருக்கு வந்தார். பல வருடங்களுக்குப் பிறகு, 1852 இல் இலண்டனில் வெளியான 'கிழக்கில் முப்பத்தைந்து ஆண்டுகள்' என்ற தனது நூலில் இந்த அனுபவங்களை அவர் விபரித்திருக்கிறார். மிர்சியா எலியாட் என்ற ருமேனிய அறிஞர் 1940 இல் எழுதிய ஒரு நாவலின் தலைப்பிலும் ஹோனிக்பேர்கரின் பெயர் இருக்கிறது.

பேச்சிழந்த மகாராஜாவுக்கு ஹோனிக்பேர்கர் கொடுத்த மருந்து டல்கமாரா. கத்தரிச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஐரோப்பியக் கொடியிலிருந்து தயாரிக்கப்படுவது. நோயாளிக்குச் சற்று ஆறுதல் கிடைத்தது என்று சொல்லப்படுகின்றது. மகாராஜாவின் குதிரையொன்றின் காலில் இருந்த புண்ணையும் அவர் ஆற்றினார் என்றும், அதைக் கண்டு மகாராஜா வியந்தார் என்றும் ஹோமியோபதி நூல்கள் கூறுகின்றன. பல நூல்கள் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுகின்றன. இணையத்தில் இன்று காணக்கிடைக்கும் குறிப்புகள் சிலவற்றில் மகாராஜா குணமடைந்தார் என்றே எழுதப்பட்டிருக்கிறது.

வரலாறு அந்த இடத்தில் நிற்கவில்லை. 1839 ஜூன் 27 ஆம் திகதி ரஞ்சித் சிங் இறந்தார். வயது 58. நான்கு இராணிகளும் ஏழு பணிப்பெண்களும் அவரது சிதையில் உடன்கட்டை ஏறினர். அடுத்த சில ஆண்டுகளில் அவரது மகனும் பேரனும் அடுத்தடுத்து மாண்டனர். மற்றொரு மகன் ஷேர் சிங் 1843 இல் கொலையுண்டார். இரண்டு போர்களுக்குப் பின்னர் 1849 மார்ச்சில் பஞ்சாப் முழுவதையும் கம்பனி தன்னுடன் இணைத்துக்கொண்டது.

இதற்காக ஹோனிக்பேர்கரைக் குறைகூறுவது நியாயமாகாது. அந்தக் கட்டிலைச் சுற்றிநின்ற எவராலும் அந்த நோயாளியைக் காப்பாற்றியிருக்க முடியாது. அத்துடன், அவர் தூய ஹோமியோபதியராகவும் நிலைத்திருக்கவில்லை. அலோபதிக்கும் ஹோமியோபதிக்கும் இடைப்பட்ட 'நடுவழி' முறையொன்றையே தனது நூலில் அவர் முன்வைத்தார். ஆனால், அந்தத் தற்காலிக ஆறுதல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை நாம் கேட்டாகவேண்டும். ஏனென்றால், அதே ஆறுதலை நம்பித்தான் இன்றும் பலர் ஏமாறுகிறார்கள்.

பாரிசவாதம் தாக்கி உயிர்தப்பியவர்களில் பலர் முதல் வாரங்களிலும் மாதங்களிலும் தாமாகவே ஓரளவு தேறுகிறார்கள். மூளையின் வீக்கம் வற்றுகின்றது. பழுதுபடாத பகுதிகள் பழுதுபட்டவற்றின் வேலையைச் சிறிது சிறிதாகப் பொறுப்பேற்கின்றன. ஆங்கில அகராதியைத் தொகுத்த சாமுவேல் ஜோன்சன் 1783 ஜூனில் ஓர் இரவு விழித்தெழுந்தபோது பேச்சை இழந்திருந்தார். தனது அறிவு கெட்டுவிட்டதா என்று சோதித்துப் பார்ப்பதற்காக மனதுக்குள் லத்தீன் மொழியில் பிரார்த்தனைச் செய்யுள் ஒன்றை இயற்றிப் பார்த்தார். விடிந்ததும் அயலவருக்குக் கடிதம் எழுதி உதவி கேட்டார். அவருக்குக் கொப்புளம் உண்டாக்கும் மருந்து பூசப்பட்டது. ஒருசில நாட்களில் பேச்சு திரும்பத் தொடங்கியது. ஜோன்சனுக்குக் கொப்புள மருந்து. ரஞ்சித் சிங்குக்கு முதலில் மின்சாரம், பின்னர் டல்கமாரா. மருந்துகள் மூன்றும் வெவ்வேறு. கிடைத்த ஆறுதல் ஒன்றே. இயற்கை செய்த வேலைக்கு அந்த வேளையில் பக்கத்தில் இருந்த மருந்து பெயர் வாங்கிக்கொண்டது.

அவ்வாறானால், ஹோமியோபதி ஏன் இவ்வளவு வேகமாகப் பரவியது? அதற்கு மதிப்புக்குரிய ஒரு காரணம் உண்டு. அது எவரையும் கொல்லவில்லை. இரத்தம் எடுத்தும் பாதரசம் கொடுத்தும் நோயாளியை வலுவிழக்கச் செய்த வைத்தியத்துக்குப் பக்கத்தில், இனிப்பான உருண்டைகளைக் கொடுத்து ஓய்வெடுக்கச் சொன்ன வைத்தியம் பலசமயங்களில் சிறந்த பயனைக் கொடுத்ததில் ஆச்சரியமில்லை. 1854 இல் இலண்டனில் கொலரா பரவியபோது அங்கிருந்த ஹோமியோபதி வைத்தியசாலையில் இறந்தவர்களின் வீதம் ஏனைய வைத்தியசாலைகளிலும் பார்க்கக் குறைவாக இருந்தது. ஒன்றும் செய்யாதிருப்பதே அந்தக் காலத்தில் பெரிய உபகாரமாக இருந்தது.

தமிழ் மண்ணுக்கும் அது விரைவிலேயே வந்தது. ஓய்வுபெற்ற சத்திரசிகிச்சை நிபுணரான சாமுவேல் புரூக்கிங் 1846 இல் தஞ்சாவூரில் ஹோமியோபதி வைத்தியசாலையொன்றை அமைத்தார். தஞ்சை மன்னரும் புதுக்கோட்டை மன்னரும் அவரது முயற்சிகளை ஆதரித்தனர். வங்காளத்தில் புகழ்பெற்ற டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1867 இல் மேலைத்தேய வைத்தியத்திலிருந்து ஹோமியோபதிக்கு மாறியது பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. இலங்கையில் 1970 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் ஹோமியோபதிக்கு அரச அங்கீகாரம் கிடைத்தது. வெலிசறையில் அரசாங்க ஹோமியோபதி வைத்தியசாலையும் இயங்கிவந்திருக்கின்றது. எனவே, இதை ஏதோ மூலைமுடுக்கில் நடக்கும் இரகசிய வைத்தியம் என்று தள்ளிவிட முடியாது. எமது மக்களில் கணிசமானோர் நம்பிக்கையுடன் நாடுகின்ற ஒரு முறை அது.

ஹோமியோபதிக் கைநூல்களில் பாரிசவாதத்துக்கென்று பல மருந்துகள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆர்னிக்கா, அக்கோனைட், பெலடோனா, நோயாளி குறட்டைவிட்டு மயங்கிக்கிடந்தால் ஓப்பியம், நாட்பட்ட வாதத்துக்கு கோஸ்டிக்கம் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. இவற்றில் பல '30' என்ற வீரியத்தில் கொடுக்கப்படுகின்றன. மூலப்பொருளை நூறு மடங்கு ஐதாக்கி, அதை மீண்டும் நூறு மடங்கு ஐதாக்கி, இவ்வாறு முப்பது தடவைகள் செய்வதே அதன் பொருள். ஒன்றுக்குப் பின்னால் 60 பூச்சியங்களை எழுதினால் வரும் மடங்கு அது. ஏறத்தாழ பன்னிரண்டாவது தடவையுடனேயே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சியிருக்கும் வாய்ப்பு அற்றுப்போய்விடுகிறது என்று இரசாயனவியல் கூறுகின்றது. அவுஸ்திரேலியாவின் தேசிய சுகாதார மற்றும் மருத்துவ ஆராய்ச்சிச் சபை கிடைக்கக்கூடிய ஆய்வுகளை எல்லாம் பரிசீலித்து, ஹோமியோபதி பயன்தருகிறது என்பதற்கு நம்பகமான சான்றுள்ள நோய் எதுவும் இல்லை என்று 2015 இல் அறிவித்தது.

வாதம் இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத முனைந்திருக்கமாட்டேன். தடிமனுக்கோ உடல்வலிக்கோ ஒருவர் இனிப்பு உருண்டையைச் சாப்பிட்டுவிட்டு ஆறுதலடைந்தால் அதில் எவருக்கும் நட்டமில்லை. பாரிசவாதத்தின் விடயம் வேறு. கடந்த முப்பது ஆண்டுகளில் அந்த நோயின் வரலாறு முற்றாக மாறிவிட்டது. அந்த மாற்றம் எமது வீடுகளுக்குள் இன்னும் போதியளவு வந்துசேரவில்லை.

மாற்றத்துக்கு முந்திய நிலைக்கு ஸ்டாலினின் மரணம் ஓர் உதாரணம். 1953 மார்ச் முதலாம் திகதி இரவு, மொஸ்கோவுக்கு வெளியேயிருந்த தனது இல்லத்தில் அவர் தரையில் பேச்சிழந்து கிடக்கக் காணப்பட்டார். அதற்கு முன்னர் எத்தனை மணிநேரம் அப்படிக் கிடந்தார் என்பது எவருக்கும் தெரியாது. அழைப்பில்லாமல் அறைக்குள் நுழைய மெய்க்காவலர்கள் அஞ்சினார்கள். வைத்தியரை அழைக்க அமைச்சர்கள் தயங்கினார்கள். அவரது சொந்த வைத்தியரோ 'டாக்டர்களின் சதி' என்று சோடிக்கப்பட்ட வழக்கில் சிறையில் இருந்தார். மறுநாள் காலையில்தான் வைத்தியர்கள் வந்துசேர்ந்தார்கள். உலகின் மிகப் பலம்பொருந்திய மனிதர்களில் ஒருவருக்கு, அணுகுண்டு யுகத்தில், அவர்கள் அளித்த சிகிச்சைகளில் ஒன்று அட்டை விடுவது. மார்ச் 5 ஆம் திகதி அவர் இறந்தார். மூளையில் பெரும் இரத்தக்கசிவு ஏற்பட்டிருந்தது. இரண்டாம் சார்ள்ஸ் மன்னருக்கும் ஸ்டாலினுக்கும் இடையில் 268 ஆண்டுகள். பாரிசவாதச் சிகிச்சை அதிக தூரம் நகர்ந்திருக்கவில்லை.

1971 ஒக்டோபரில் இலண்டனிலுள்ள வைத்தியசாலையொன்றில் கொட்ஃப்ரி ஹௌன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சி.ரி. ஸ்கான் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம்பிடித்தது. பாரிசவாதம் இரண்டு வகை. பெரும்பாலானவை இரத்தக்குழாயில் கட்டி அடைப்பதனால் வருபவை. எஞ்சியவை குழாய் வெடித்து இரத்தம் கசிவதனால் வருபவை. வெளியில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால், சிகிச்சையோ நேரெதிரானது. ஒன்றுக்குக் கட்டியைக் கரைக்கவேண்டும். மற்றதற்குக் கசிவை நிறுத்தவேண்டும். எது என்று உயிருள்ள நோயாளியில் சில நிமிடங்களில் கண்டறிவதை அந்தக் கருவியே சாத்தியமாக்கியது.

1995 டிசெம்பரில் அமெரிக்காவின் தேசிய நரம்பியல் நிறுவகத்தின் ஆய்வு வெளியானது. 624 நோயாளிகள் கலந்துகொண்ட அந்த ஆய்வில், நோய் தாக்கி மூன்று மணித்தியாலத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ரி.பி.ஏ. என்ற மருந்தை நாளத்தில் ஏற்றியபோது, மூன்று மாதங்களின் பின்னர் ஊனமின்றி அல்லது சொற்ப ஊனத்துடன் இருந்தவர்களின் தொகை குறைந்தபட்சம் 30 சதவீதம் அதிகரித்திருந்தது. ஆபத்தும் இல்லாமலில்லை. மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதமானோருக்கு மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டது. அதனால்தான் ஸ்கான் இன்றி அதைக் கொடுக்கமுடியாது. 2008 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு அந்தக் கால எல்லையை நாலரை மணித்தியாலமாக நீடித்தது. 2015 இல் வெளியான ஆய்வுகள் தொடையிலுள்ள நாடியின் வழியாக நுண்குழாயைச் செலுத்திப் பெரிய கட்டியை வெளியே எடுக்கும் முறையின் பயனை உறுதிப்படுத்தின. தெரிவுசெய்யப்பட்ட சில நோயாளிகளுக்கு 24 மணித்தியாலம் வரைகூட அது உதவும் என்று 2018 இல் தெரியவந்தது.

ஆனால், எல்லை நீண்டுவிட்டது என்று ஆறுதலடைய இடமில்லை. பெரிய இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 இலட்சம் நரம்புக்கலங்கள் அழிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் நிபுணர் ஜெஃப்ரி சேவர் 2006 இல் கணக்கிட்டுக் காட்டினார். நாம் தேநீர் வைத்துக் குடித்து முடிக்கும் நேரத்தில் இரண்டு கோடிக்கு மேல்.

ரஞ்சித் சிங்கின் காலத்தில் தீங்கற்ற மருந்து நோயாளியின் நண்பனாக இருந்தது. ஏனென்றால், அதற்கு மாற்றாக இருந்தவை அனைத்தும் தீங்கானவை. இன்று மாற்று இருக்கின்றது. அது நேரத்துடன் கட்டப்பட்டிருக்கின்றது. ஆகவே, தன்னளவில் தீங்கற்ற ஓர் உருண்டை, அதை நாவில் வைத்துவிட்டுக் காத்திருக்கும் அரைமணித்தியாலத்தின் காரணமாகத் தீங்கானதாகிவிடுகிறது. பொருள் மாறவில்லை. அதைச் சுற்றியிருந்த உலகம் மாறிவிட்டது.

இதையே எண்ணெய் தடவுவதற்கும், வேப்பிலை அடிப்பதற்கும், ஊசியால் குத்துவதற்கும் சொல்லலாம். பாரிசவாதம் தாக்கியவரின் பத்து விரல் நுனிகளையும் காதுமடல்களையும் ஊசியால் குத்தி இரத்தத் துளிகளை வரவழைத்தால் அவர் பிழைத்துக்கொள்வார் என்ற செய்தி 2000 களின் தொடக்கத்தில் ஆங்கில மின்னஞ்சலாக உலகைச் சுற்றியது. பிறகு தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் வலம்வந்தது. எனக்கே அது பல நாடுகளிலிருந்து, படித்த நண்பர்கள் பலரிடமிருந்து வந்திருக்கிறது. அது சீனாவின் பண்டைய இரகசியம் என்று சொல்லப்பட்டது. மன்னர் சார்ள்ஸின் நாளத்தை வெட்டிய அதே நம்பிக்கை, ஒரு கத்திக்குப் பதிலாகத் தையலூசியுடன் திரும்பி வந்திருக்கிறது என்பதுதான் என் கருத்து. நோயாளியை அசைக்காமல் ஊசியைத் தேடுங்கள், இரத்தம் வரும்வரை காத்திருங்கள், அதன் பின்னரே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள் என்று அந்தச் செய்தி அறிவுறுத்துவதுதான் அதன் மிகக் கொடிய பகுதி.

இத்தகைய வைத்தியங்கள் 'பலித்த' கதைகள் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. அதற்கும் விளக்கம் இருக்கிறது. சிலருக்குக் கட்டி தானாகவே விலகி, கோணிய வாயும் விழுந்த கையும் சில நிமிடங்களில் வழமைக்குத் திரும்பிவிடும். அவ்வேளையில் ஊசி குத்தியிருந்தால் ஊசிக்குப் புகழ். உருண்டை கொடுத்திருந்தால் உருண்டைக்குப் புகழ். ஆனால், அது குணமல்ல, எச்சரிக்கை. அடுத்துவரும் நாட்களில் பெரிய தாக்கம் வரும் அபாயம் அவர்களுக்கு அதிகம். 'எல்லாம் சரியாகிவிட்டதே' என்று வீட்டில் இருந்துவிடாமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டியவர்கள் அவர்களே.

அப்படியானால் பாரிசவாதத்துக்கு முதலுதவி என்ன? மிகவும் எளிமையானது, ஆனால், ஒழுங்கு தேவை. சிரிக்கச் சொல்லுங்கள், முகத்தின் ஒருபக்கம் தொங்குகிறதா என்று பாருங்கள். இரு கைகளையும் உயர்த்தச் சொல்லுங்கள். ஒன்று தாழ்ந்துவிழுகிறதா என்று பாருங்கள். ஒரு வசனத்தைச் சொல்லச் சொல்லுங்கள்; பேச்சு குழறுகிறதா என்று கேளுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அம்புலன்ஸை அழையுங்கள். திடீரெனப் பார்வை மங்குவதும் நிலைதடுமாறுவதும்கூட இதன் அறிகுறிகளாக இருக்கலாம். உறவினரிடம் கருத்துக் கேட்பது அதற்குப் பிறகு. நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நல்ல நிலையில் இருந்தார் என்பதைக் குறித்துவையுங்கள். வைத்தியசாலையில் முதலில் கேட்கப்படும் கேள்விகளில் அது ஒன்று. சிகிச்சையே அந்தப் பதிலில் தங்கியிருக்கக்கூடும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. வாயில் எதையும் கொடுக்கக்கூடாது. தண்ணீர், கோப்பி, உருண்டை, மாத்திரை எதுவாக இருந்தாலும் விழுங்கும் தசைகள் செயலிழந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போகலாம். மாரடைப்புக்குக் கொடுப்பதுபோல அஸ்பிரின் கொடுக்கக்கூடாது. கசிவினால் வந்த பாரிசவாதமாக இருந்தால் அது நிலைமையை மோசமாக்கும். இரத்த அழுத்தம் உயர்ந்திருக்கிறது என்று வீட்டிலிருக்கும் மாத்திரையால் அதைச் சடுதியாகக் குறைக்க முனையக்கூடாது. மயங்கியிருந்து மூச்சு விடுபவரைப் பக்கவாட்டில் சரித்துக் கிடத்துங்கள். மூச்சு நின்றுவிட்டால் மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். நீரிழிவு நோயாளியாக இருந்து கருவியும் கைவசம் இருந்தால் இரத்தத்தில் சீனியின் அளவைப் பாருங்கள். சீனி மிகவும் குறைந்தாலும் பாரிசவாதம் போன்ற தோற்றம் வரும்.

ஹோமியோபதியில் பற்றுள்ள வாசகர்கள் என்மீது கோபங்கொள்ளலாம். அவர்களுக்கு ஹானிமனையே சாட்சியாக அழைக்கிறேன். ஓர்கனோன் நூலின் 67 ஆவது பிரிவுக்கு அவர் எழுதிய அடிக்குறிப்பைப் படித்துப் பாருங்கள். நீரில் மூழ்கியவர், மூச்சுத் திணறியவர், மின்னல் தாக்கியவர், குளிரில் உறைந்தவர் போன்றோரின் உயிர் ஆபத்தில் இருக்கும்போது, ஹோமியோபதி மருந்து வேலைசெய்வதற்குக் காத்திருக்க நேரமில்லை என்பதையும், அத்தகைய வேளைகளில் வேறு வழிகளை நாடுவது ஏற்புடையது என்பதையும் அவரே அங்கு ஒப்புக்கொள்கிறார். நேரம் என்ற ஒன்று இருக்கிறது என்பதை அந்த மூதாளர் அறிந்திருந்தார். பாரிசவாதமும் அந்த வகையைச் சேர்ந்தது என்பதை அறிந்துகொள்வதற்கு வேண்டிய விஞ்ஞானம் அவருடைய காலத்தில் இருக்கவில்லை. எமது காலத்தில் இருக்கிறது.

நோயாளி வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய பின்னர் நீண்டதொரு காலம் இருக்கிறது. கை கால்களுக்கான பயிற்சி, பேச்சுப் பயிற்சி, உறவுகளின் பொறுமை, இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மருந்தை ஒருநாளும் தவறவிடாமை ஆகியவையே அந்தக் காலத்தின் தேவைகள். அப்போது வைத்தியரின் மருந்துகளை நிறுத்தாமல், ஒருவர் தனது மன ஆறுதலுக்காக வேறெதையும் நாடுவதாயின் அதை முதலில் வைத்தியரிடம் சொல்லிவிட்டு நாடட்டும். ஆனால், முதல் மணித்தியாலம் எவருடைய நம்பிக்கைக்கும் உரியதல்ல. அது நோயாளிக்கு மாத்திரமே உரியது.

இலங்கையில் இருப்பவர்கள் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பிக்கப்பட்டு 2018 இல் வடக்குக்கும் வந்த அந்த அம்புலன்ஸ் சேவை இலவசமானது. தமிழ்நாட்டில் 108, பிரிட்டனில் 999, கனடாவில் 911, ஐரோப்பிய நாடுகளில் 112, அவுஸ்திரேலியாவில் 000. வயது முதிர்ந்தவர்கள் இருக்கும் வீடுகளில் தொலைபேசிக்கு அருகில், அவர்களும் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில், அந்த இலக்கத்தை எழுதி ஒட்டிவைப்பது நல்லது.